திருகைத் தொடும் முன் ஹெர்ட்ஸைப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்: ஜெனரேட்டர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வோல்டேஜைப் பற்றியவை. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் மாலை மழை பிடித்துக்கொண்டால் கிளை ஒடிந்து கம்பியில் விழும், மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் லைன் போகும். ஆண்டு முழுவதும் மூலையில் கிடந்த ஜெனரேட்டரை அன்றைக்குத்தான் எல்லோரும் தேடுவார்கள். அதன் குறைகளும் அன்றைக்குத்தான் தெரியவரும். பீன்யாவில் 1986 முதல் இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில், இம்முறை இந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். 62.5 கேவிஏ ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். அது ஓடும்போது விளக்குகள் மங்கலாக எரிந்தன; பேனல் மீட்டர் 375 வோல்ட் காட்டியது. ஒருவரை அழைத்தோம். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒரு சிறு திருகைத் திருப்பி, 415 ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். விளக்குகள் நன்றாக எரிந்தன. பத்து நாள் கழித்து எஞ்சினுக்கு வழக்கமான சர்வீஸ் நடந்தது. அடுத்த மின்வெட்டில் ஏழு வீடுகளில் ஃபிரிட்ஜும் டிவியும் போய்விட்டன. சர்வீஸ் சீட்டில் ஆயில், ஃபில்டர் மாற்றியதோடு 'ஆர்பிஎம் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. வோல்டேஜைத் தாங்கள் தொடவே இல்லை என்று அவர்கள் சாதிக்கிறார்கள். யாரை நம்புவது?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், விவேக் நகர்)

பதில்: சர்வீஸ்காரர்கள் சொல்வது உண்மை, ஐயா. அவர்கள் வோல்டேஜைத் தொடவில்லை. தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அந்தச் சரியான வேலைக்குப் பிறகுதான் உங்கள் ஃபிரிட்ஜுகள் போயின. தவறு பத்து நாளுக்கு முன்பே நடந்துவிட்டது.

உங்களுடையது போன்ற டீசல் ஜெனரேட்டரில் ஆல்டர்னேட்டருக்கு நான்கு காந்தத் துருவங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை, கிடைக்கும். 1290 சுற்றுக்கு இறங்கினால் 43 ஹெர்ட்ஸ்தான். ஹெர்ட்ஸ் என்பது முழுக்க எஞ்சினின் கையில் இருக்கிறது. வோல்டேஜ் ஏவிஆர் என்ற சிறு மின்னணுப் பலகையின் கையில் இருக்கிறது. வெளியே வரும் வோல்டேஜை அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், காந்தத்துக்கு மின்சாரம் தரும் எக்ஸைட்டர் காயிலுக்கு (இதைத்தான் ஃபீல்டு என்போம்) கொஞ்சம் கூடுதலாக டிசி கொடுக்கும், கூடினால் குறைத்துக்கொள்ளும்.

இந்த ஏவிஆருக்குள் ஒரு காவலும் வைத்திருக்கிறார்கள். வேகம் ஓர் அளவுக்குக் கீழே, பெரும்பாலும் 47 அல்லது 47.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால், ஏவிஆர் தானாகவே வோல்டேஜை வேகத்தின் விகிதத்தில் இறக்கிவிடும். மெதுவாகச் சுற்றும் ரோட்டாரிலிருந்து முழு 415 வோல்ட்டைப் பிழிந்தெடுக்க வேண்டுமானால் ஃபீல்டு காயிலுக்கு அளவுக்கு மீறி மின்சாரம் கொடுக்க வேண்டும். காயில் சூடேறும், ஏவிஆரும் சூடேறும். மூச்சு வாங்கும் எஞ்சினுக்கு மேலும் சுமை ஏற்றியது போலவும் ஆகும். அதனால்தான் இந்த ஏற்பாடு. பல ஏவிஆர்களில் அந்த நேரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 375 வோல்ட் என்றதுமே எனக்கு 43 ஹெர்ட்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. 415-ஐ 47.5-ஆல் வகுத்து 43-ஆல் பெருக்கிப் பாருங்கள், 375-ஐ ஒட்டி வரும். உங்கள் எஞ்சின் மெதுவாக ஓடியிருக்கிறது. வேக லீவரைப் பிடித்திருக்கும் லாக் நட் அதிர்வில் தளர்ந்தால் இப்படி ஆகும்; பலமுறை பார்த்திருக்கிறேன். ஏவிஆர் தன் கடமையைச் செய்து வோல்டேஜை இறக்கி வைத்திருந்தது. வந்தவர் ஹெர்ட்ஸைப் பார்க்கவில்லை. வோல்டேஜ் குறைவு என்றதும் வோல்டேஜ் திருகைத் திருப்பிவிட்டார். 43 ஹெர்ட்ஸில் 415 வர வேண்டுமானால் அந்தத் திருகைப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றியாக வேண்டும், ஏற்றினார். சர்வீஸுக்கு வந்தவர்கள் எஞ்சினை முறைப்படி 1500-க்குக் கொண்டுவந்தார்கள். வேகம் சரியானதும் ஏவிஆரின் காவலுக்கு வேலை இல்லை. திருகு எந்த இடத்தில் நின்றதோ அந்த வோல்டேஜ் முழுதாக வெளியே வந்தது. அது 459 வோல்ட். ஒரு வீட்டின் ஒற்றை ஃபேஸுக்கு 265. மழைக்கால மாலையில் 265 வோல்ட்டை எத்தனை ஃபிரிட்ஜ் போர்டுகள் தாங்கும்?

எனக்கு இதில் வருத்தமும் கோபமும் உண்டு. அந்தத் திருகு நோய்க்கு மருந்து இல்லை. எல்லாம் நலமாக இருக்கும்போது எந்த அளவில் நிற்க வேண்டும் என்று சொல்லிவைக்கும் இடம், அவ்வளவுதான். மல்டிமீட்டரின் குமிழை ஹெர்ட்ஸ் பக்கம் திருப்ப ஐந்து நொடி ஆகாது. அந்த ஐந்து நொடியைச் செலவழிக்காததற்கு ஏழு வீடுகள் விலை கொடுத்திருக்கின்றன.

இனிச் செய்ய வேண்டியது. உங்கள் மெக்கானிக்கிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மெயின் பிரேக்கரை அணைத்து, லோடு இல்லாமல் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விடட்டும். முதலில் ஹெர்ட்ஸ். எஞ்சின் வேகத்தைக் காக்கும் கவர்னர் மெக்கானிக்கல் வகையாக இருந்தால் லோடு இல்லாதபோது 52 வரை இருக்கலாம். முழு லோடில் அது 50-க்கு வந்து நிற்கும். எலக்ட்ரானிக் கவர்னராக இருந்தால் இரண்டு நிலையிலும் 50-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அது சரியான பிறகே ஏவிஆர். பேனல் மீட்டரை நம்ப வேண்டாம். ஆல்டர்னேட்டரின் டெர்மினலிலேயே நல்ல மீட்டரை வைத்து, மூன்று லைன்களுக்கு இடையிலும் அளந்து, வோல்டேஜ் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். கைப்பிடியில் காப்பு உள்ள சிறு திருப்புளிதான் வேண்டும். பெட்டிக்குள் உயிருள்ள டெர்மினல்கள் இருக்கின்றன. பக்கத்தில் இன்னொருவர், எஞ்சினை நிறுத்தும் பொத்தானின் அருகில், கட்டாயம் நிற்க வேண்டும். அருகிலேயே பெயின்ட் பூசி மூடிய வேறு திருகுகள் தென்படும். வேகக் காவலின் எல்லையைக் குறிப்பது அவற்றில் ஒன்று. தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே அது இருக்கட்டும். பிறகு லோடு கொடுத்து மறுபடி எல்லாவற்றையும் அளந்து, தேதி போட்டு, பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

இன்னொன்று. வோல்டேஜ் அளவு மீறினால் பிரேக்கரைத் தட்டிவிடும் ரிலே உங்கள் பேனலில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். வோல்டேஜை ஏவிஆருக்குக் காட்டும் சென்ஸிங் கம்பி கழன்றாலும் இதே ஆபத்து வரலாம். வோல்டேஜே இல்லை என்று ஏவிஆர் நினைத்துக்கொண்டு ஃபீல்டுக்கு முழு மூச்சாக மின்சாரம் கொடுக்கும். அந்த நிமிடத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ரிலேதான்.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் தையல் பட்டறை வைத்திருக்கிறேன். 15 கேவிஏ, மூன்று ஃபேஸ். ஜெனரேட்டரில் ஓடும்போது அயர்ன் டேபிள் பக்கம் விளக்கு மங்குகிறது, மெஷின்கள் பக்கம் விளக்கு கண் கூசும்படி எரிகிறது. வோல்டேஜ் குமிழைக் குறைத்தால் மங்கிய பக்கம் இன்னும் மங்குகிறது. எந்த அளவில் வைப்பது?
(பட்டறை உரிமையாளர்)

பதில்: குமிழிலிருந்து கையை எடுங்கள், அண்ணாச்சி. இந்த இதழ் கையில் கிடைத்தவுடன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மற்றதைப் படியுங்கள். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்தே போயிருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

அளந்து பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கு லைன் மூன்றும் 415-ஆக ஒன்றுபோல் இருந்து, லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் மட்டும் ஒன்றில் 170, மற்ற இரண்டில் 280 என்று வந்தால் சந்தேகமே இல்லை. அயர்ன் பாக்ஸ்கள் எல்லாம் ஒரே ஃபேஸில் இருக்கின்றன; சுமை கூடிய அந்த ஃபேஸில் வோல்டேஜ் இறங்குகிறது, சுமை இல்லாத ஃபேஸ்களில் ஏறுகிறது. நியூட்ரல் சரியாக இருக்கும்வரை அது மூன்றையும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். அது விட்டுப்போனால் மூன்று ஃபேஸும் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ஏவிஆருக்கு இதில் பங்கே இல்லை. அதன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண மண்டபத்தில் இதை நேரில் பார்த்தேன். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. மேடை விளக்குகள் வெடிக்கத் தொடங்கின. ஆபரேட்டர் பதறிப்போய் வோல்டேஜ் குமிழை இறக்கிக்கொண்டே இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் நியூட்ரல் கம்பியின் முனையில் இருக்கும் லக் கருகி, கம்பி கையோடு வந்தது. தளர்ந்த போல்ட் சூடாகி, சூட்டில் இன்னும் தளர்ந்து, கடைசியில் எரிந்திருக்கிறது. ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிடமும் போதுமாக இருந்த வேலை. மணப்பெண்ணின் தந்தை இருட்டில் நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே ஜெனரேட்டரை நிறுத்தி, பேட்டரியின் கம்பியையும் கழற்றிவிட்டு, பெஸ்காம் பக்கத்தையும் அணைத்துவிட்டு, ஆல்டர்னேட்டர் டெர்மினல், சேஞ்ச் ஓவர் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூஷன் போர்டு மூன்று இடத்திலும் நியூட்ரல் இணைப்பைத் திறந்து பார்த்து முறுக்கச் சொல்லுங்கள். கருகிய லக்கைச் சுரண்டிப் போடக் கூடாது, புதிது போட வேண்டும். அயர்ன் பாக்ஸ்களை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுங்கள். பெஸ்காம் மின்சாரத்திலும் இதே மங்கல் தெரிந்தால் குறை சேஞ்ச் ஓவருக்கு அப்பால், உங்கள் பட்டறைப் பக்கம் இருக்கலாம்.

கேள்வி: பேனலில் வோல்டேஜ் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருக்கிறது. திருப்பும்போது வோல்டேஜ் சீராக ஏறாமல் துள்ளுகிறது. சில நேரம் யாரும் தொடாமலேயே 400-க்கும் 420-க்கும் இடையில் ஆடுகிறது. ஏவிஆரை மாற்ற வேண்டும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. நான் ஐடிஐ முடித்து எட்டு மாதம்தான் ஆகிறது.
(இளம் டெக்னீஷியன், பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்)

பதில்: தம்பி, மேஸ்திரியிடம் மரியாதையாக ஒரு நாள் அவகாசம் கேள். ஏவிஆர் விலை அதிகம். குமிழின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கூட இருக்காது.

முதலில் ஆடுவது யார் என்று பார். மீட்டரை ஹெர்ட்ஸில் வைத்துக் கவனி. வோல்டேஜோடு ஹெர்ட்ஸும் சேர்ந்து ஆடினால் எஞ்சின் ஆடுகிறது. டீசல் வழியில் காற்று, அடைத்த ஃபில்டர், கவர்னர் இணைப்பில் தேய்மானம் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். ஹெர்ட்ஸ் அசையாமல் நின்று வோல்டேஜ் மட்டும் ஆடினால்தான் உன் சந்தேகம் ஆல்டர்னேட்டர் பக்கம் வர வேண்டும்.

அந்தக் குமிழ் ஏவிஆரிலிருந்து இரண்டு கம்பியில் வெளியே கொண்டுவந்த ஒரு மாறும் மின்தடை, அவ்வளவுதான். பல வகைகளில் அது ஒரு கிலோ ஓம். மொத்தமாகப் பத்து சதவீதம் ஏற்றவோ இறக்கவோ செய்யும், அதற்கு மேல் முடியாது. எஞ்சினின் அதிர்விலும் தூசியிலும் உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்துவிடும். எஞ்சினை நிறுத்து. இரண்டு கம்பியையும் கழற்று. மீட்டரை ஓம் அளவில் வைத்துக் குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பு. எண் ஒழுகினாற்போல் ஏற வேண்டும். இடையில் எங்காவது தாவினாலோ முடிவிலி காட்டினாலோ குற்றவாளி அதுதான். மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். அதே ஓம், குறையாத வாட் பார்த்து வாங்கு. தேடும் நேரத்தில் ஜெனரேட்டர் ஓடியே ஆக வேண்டுமானால் குமிழைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஏவிஆரின் தாளில் பார். சிலவற்றில் இரண்டு டெர்மினலையும் லிங்க் போட்டு இணைக்க வேண்டும். தாள் பார்க்காமல் ஊகத்தில் திறந்தோ இணைத்தோ விடாதே. வோல்டேஜ் எந்தப் பக்கம் போகும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

குமிழ் நன்றாக இருந்தால் கம்பியைப் பார். பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டி ஒரே பைப்பில் இழுத்திருப்பார்கள். அந்த மெல்லிய கம்பி அருகில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலை எல்லாம் வாங்கி ஏவிஆருக்குள் கொண்டுபோகும். ஷீல்டு உள்ள கம்பியாக மாற்றி, தனி வழியில் கொண்டுபோ. இதற்கும் அடங்காவிட்டால்தான் ஏவிஆரின் மேல் ஸ்டெபிலிட்டி என்று எழுதிய திருகு. அதன் இப்போதைய இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, கொஞ்சமாகத் திருப்பிப் பார். ஆட்டம் நின்ற இடத்துக்குச் சற்று அப்பால் வை. ரொம்பவும் தள்ளினால் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் மீண்டு வரத் தாமதமாகும்.

புதுக் குமிழ் போட்டதும் ஒரு வேலை பாக்கி. குமிழை நடுவில் நிறுத்தி, ஏவிஆரின் வோல்டேஜ் திருகால் 415-க்குக் கொண்டுவா. அப்போதுதான் இரு பக்கமும் சம இடம் இருக்கும். குமிழை முழுக்க ஏற்றியும் 390-தான் வருகிறது என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை, யாரோ ஒரு முறை குமிழைக் கடைசி வரை திருப்பி வைத்துவிட்டு உள்ளே திருகைச் சரிசெய்ததால் வந்தவை.

கேள்வி: மர்பி டவுனில் எங்கள் அம்மன் கோயில் ஜெனரேட்டர் ஆடி மாதம் கூழ் ஊற்றும் விழாவுக்கு மட்டும்தான் ஓடும். இப்போது ஓட்டிப் பார்த்தோம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, வோல்டேஜ் மட்டும் வரவில்லை. மீட்டரில் 4, 5 வோல்ட்தான். வோல்டேஜ் திருகை இரு பக்கமும் திருப்பியாயிற்று.
(கோயில் கமிட்டி உறுப்பினர்)

பதில்: ஆடிக்கு முன்பே ஓட்டிப் பார்த்தீர்களே, அதுவே நல்ல காரியம். திருப்பிய திருகை நினைவில் இருக்கும்வரை பழைய இடத்துக்கே கொண்டுவந்து வையுங்கள். இல்லாவிட்டால் நடு இடத்துக்கும் கீழே வையுங்கள். வோல்டேஜ் திடீரென்று வரும்போது எகிறாமல் இருக்கும். மெயின் பிரேக்கர் கடைசி வரை அணைந்தே இருக்கட்டும்.

பிரஷ் இல்லாத சாதாரண ஆல்டர்னேட்டர், இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் காந்தத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்தச் சில வோல்ட்டை ஏவிஆர் எடுத்துப் பெரிதாக்கி ஃபீல்டுக்குக் கொடுக்க, வோல்டேஜ் இன்னும் கூடி, இப்படி நொடிகளில் 415-க்கு ஏறும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அந்த மிச்சக் காந்தம் மங்கிவிடும்.

ஆனால் உடனே பேட்டரியைத் தூக்க வேண்டாம். எலி கடித்த கம்பி இருக்கிறதா, ஏவிஆரின் ஃபியூஸ் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஈரம். கோயில் பிராகாரத்தில் திறந்தவெளியில் இருந்தால் காயிலில் ஈரம் இறங்கியிருக்கும். காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரால் காயிலுக்கும் பாடிக்கும் இடையே சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் உலர்த்தாமல் ஓட்டக் கூடாது. மெகர் வைக்கும் முன் ஏவிஆரின் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும், சுழலும் டயோடுகளின் முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெகரே அவற்றைக் கொன்றுவிடும். தெரிந்த எலக்ட்ரீஷியனைத் தவிர வேறு யாரும் இதில் இறங்க வேண்டாம்.

இவை சரியென்றால் காந்தம் ஏற்றலாம். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். ஏவிஆரிலிருந்து ஃபீல்டுக்குப் போகும் இரண்டு கம்பிகளைக் கழற்றி, தனியான 12 வோல்ட் பேட்டரியின் பாஸிட்டிவை ஃபீல்டின் பாஸிட்டிவ் கம்பிக்கும் நெகட்டிவை நெகட்டிவுக்கும் சில நொடிகள் கொடுத்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது பொறி பறக்கும். அது பேட்டரியின் வாய் அருகே நடக்கக் கூடாது, கம்பி முனையில் நடக்கட்டும். கம்பிகளைப் பழையபடி மாட்டி எஞ்சினை ஓட்டினால் பெரும்பாலும் வோல்டேஜ் வந்துவிடும்.

வராவிட்டால் குறை ஏவிஆரிலா, ஆல்டர்னேட்டரிலா என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். அதே பேட்டரியை ஃபீல்டு கம்பிகளிலேயே விட்டுவிட்டு, ஏவிஆர் துண்டித்தபடியே, எஞ்சினை 1500-இல் லோடு இல்லாமல் ஓட்டுங்கள். பெரும்பாலான பிரஷ் இல்லாத ஆல்டர்னேட்டர்களில் 415-க்குப் பத்து சதவீதம் முன்பின்னாக, மூன்று லைனிலும் ஒரே அளவாக வோல்டேஜ் வரும். வந்தால் காயிலும் டயோடுகளும் நலம்; ஏவிஆரையோ அதற்குப் போகும் கம்பிகளையோ பாருங்கள். வோல்டேஜ் குறைவாகவோ ஏற்றத்தாழ்வாகவோ வந்தால் ஏவிஆரை வாங்கி மாட்டுவதில் பயனில்லை. ரோட்டார் முனையில் வட்டமாக இருக்கும் ஆறு டயோடுகளையும், எகிறும் வோல்டேஜிலிருந்து அவற்றைக் காக்கும் வேரிஸ்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும். ஆறில் மூன்று ஒரு திசை, மூன்று எதிர்த் திசை, மாற்றும்போது கலந்துவிடாதீர்கள். ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் நான் ஆறையும் மாற்றிவிடுவேன். மற்றவையும் அதே அடியை வாங்கியவைதானே.

இனி மாதம் ஒருமுறை அரை மணி நேரம், கொஞ்சம் லோடோடு ஓட்டுங்கள். வெள்ளிக்கிழமை பூஜை நேரத்தில் கோயில் விளக்குகளையே கொடுத்தால் போதும்.

கேள்வி: அல்சூர் ஏரிப் பக்கம் ஜூஸ் கடை. 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். மிக்ஸி போட்டால் விளக்கு மங்குகிறது. வோல்டேஜ் திருகு எங்கே இருக்கிறது என்று தேடிக் களைத்துவிட்டேன்.
(கடைக்காரர்)

பதில்: இருக்காது. இந்த அளவில் பல ஜெனரேட்டர்கள் கெப்பாசிட்டர் வகை; அவற்றில் ஏவிஆரும் இல்லை, திருகும் இல்லை. எஞ்சின் வேகமும் கெப்பாசிட்டரும் சேர்ந்துதான் வோல்டேஜை முடிவு செய்கின்றன. இரண்டு துருவம் என்பதால் 3000 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி போடும்போது ஹெர்ட்ஸ் சரிந்தால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், பழைய பெட்ரோலைக் கொட்டுங்கள், ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். ஹெர்ட்ஸ் சரியாக நின்றும் வோல்டேஜ் குறைந்தால் கெப்பாசிட்டர் போயிருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவில் மாற்றுங்கள். தொடும் முன் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் அது அடிக்கும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று என்னை உறுத்துகிறது. மழைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும். அவ்வளவுதான், ஆள் எழுந்திருக்க மாட்டார். ஜெனரேட்டரை வெளியே நடைபாதையோரம், புகைக்குழாய் கடைக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைத்து, மேலே தகரம் போடுங்கள். நனைந்த இடத்தில் ஓட்டவும் கூடாது.

கேள்வி: 415-இல் வைப்பதா, 400-இல் வைப்பதா?
(பல வாசகர்கள்)

பதில்: ஆல்டர்னேட்டரின் பெயர்ப் பலகையில் 415 என்று இருந்தால் அதைத் தாண்டாதீர்கள். இன்றைய பெயர் மதிப்பு ஒற்றை ஃபேஸுக்கு 230, லைனுக்கு லைன் 400. நான் கடைசி வீட்டில், முழு லோடில், 230-ஐ ஒட்டி வரும்படி வைப்பேன். பதினான்காம் மாடிக்குக் கேபிள் ஏறும்போது சில வோல்ட் வழியிலேயே போய்விடும். அந்த இழப்பு மிக அதிகமாக இருந்தால் கேபிள் மெலிது என்று பொருள். அதற்காக ஜெனரேட்டரை ஏற்றினால் தரைத்தளக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: என் மகள் ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்திருக்கிறாள். ஜெனரேட்டர் சர்வீஸ் வேலைக்கு அழைக்கிறார்கள். அவள் அப்பா தயங்குகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
(ஒரு தாய், ஆஸ்டின் டவுன்)

பதில்: அனுப்புங்கள், அம்மா. நான் கோலார் தங்க வயலில் பிறந்தவன். காவிரியில் உள்ள சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இலேயே மின்சாரம் வந்த ஊர் அது. என் அப்பா சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் அறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வோல்ட், ஆம்பியர், பேரிங் சூடு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். கீழே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பார், வேறு விளக்கம் தர மாட்டார். 2001-இல் சுரங்கம் மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த பொருள்களில் அந்த நோட்டுகளும் இருந்தன. எண்களை நேராக எழுதத் தெரிந்த, அவசரப்படாத கை இந்தத் தொழிலுக்கு வேண்டும். அது மகளுக்கும் உண்டு, மகனுக்கும் உண்டு.

உங்கள் மகளின் அப்பாவுடைய தயக்கத்துக்கு ஒன்று சொல்லலாம்: இரவு அழைப்புகளுக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்று நிறுவனத்திடம் முதலிலேயே பேசிவிடுங்கள். யாருமே தனியாகப் போகக் கூடாத வேலைதான் இது. துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் ஃபேன் பெல்ட் அருகே ஆகாது. ஆண்கள் கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டைக் கயிறும் அப்படித்தான். முதல் சம்பளத்தில் ஹெர்ட்ஸ் அளக்கக்கூடிய ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர் ஒன்று, 1000 வோல்ட் காப்புள்ள திருப்புளி செட் ஒன்று, நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளட்டும். கன்னடம் நன்றாகப் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபரேட்டர்கள் மறைக்காமல் நடந்ததைச் சொல்ல அது பெரிய உதவி.

அவள் பார்க்கும் முதல் ஜெனரேட்டரின் அளவுகளை எனக்கு இந்த இதழின் முகவரிக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். லோடு இல்லாமல் ஒரு முறை, லோடோடு ஒரு முறை. ஹெர்ட்ஸ் முதல் வரியில் இருக்கட்டும்.